ஒரு கோல் தூரம்

உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுத முன்வரும் நாம் அவ்வாட்டத்தில் வல்லவர் அல்லர் என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டுவிடுவது நலம். பள்ளிப் பருவத்தில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்ததும், வேலிக்கு அப்பால் ஓடிய பந்தை எடுத்துக் கொடுத்ததுமே நாம் அக்கலைக்குச் செய்த தொண்டு. பின்னர் கணித ஆசிரியத் தொழில் வந்து வாய்த்தது. கரும்பலகையின் முன் நின்றே காலம் கழிகிறது. ஆயினும், ஆடத் தெரியாதவனுக்கும் பார்க்கும் உரிமை உண்டு. பார்ப்பவனுக்கு ஒரு கடமையும் உண்டு. அக்கடமை யாது என்பதை ஒரு தோல்வியைக் கொண்டு வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

நாம் வாழும் கரையோரத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். அம்பாறை மாவட்டத்தின் கடலோரமாகப் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று தோளுரசி நிற்கின்றன. எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குகிறது என்பது பேருந்து நடத்துநருக்கே சில வேளை ஐயம். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பேசும் மொழி தமிழ் ஒன்றே. அவர்களுடைய பிள்ளைகள் துரத்தும் பந்தும் ஒன்றே. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலும், அதற்கு வழியில்லாதோர் கடற்கரை மணலிலும் மாலைதோறும் புழுதி கிளப்புவர். உலகக் கிண்ணக் காலம் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்! ஒரு கூரையில் ஆர்ஜென்டீனாவின் கொடி. எதிர்க் கூரையில் பிரேசிலின் கொடி. அண்ணன் ஒரு கட்சி, தம்பி மறு கட்சி. ஆனால் இலங்கை அணியின் சட்டையை அணிந்து திரியும் ஒரு பையனை நாம் கண்டதில்லை. அந்த அணியின் பெயரைச் சொன்னால் ஒரு சிரிப்பு, அவ்வளவே.

அச்சிரிப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. 1939 இல் நாட்டில் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. 1952 இல் அது அனைத்துலகச் சம்மேளனத்தில் சேர்ந்தது. 1995 இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என வென்று மகுடம் சூடிய பெருமையும் நமக்கு உண்டு. ஆனால் அப்பெருமை அந்தத் தலைமுறையோடு நின்றுவிட்டது. அதன்பின் உலகத் தர வரிசையில் இருநூறுக்கும் அப்பால் சரிந்து கிடந்த ஓர் அணியையே இன்றைய பிள்ளைகள் அறிவார்கள்.

2022 ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றில் அந்த அணி நுழைந்த வரலாறே ஒரு துயரக் கதை. 2019 ஜூன் மாதத்தில் முதலாவது சந்திப்பில் மக்காவு அணியிடம் 0–1 எனத் தோற்றது. இரண்டாவது சந்திப்பு கொழும்பில் நடைபெற வேண்டும். ஆனால் அவ்வாண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் அச்சம் அப்போதும் நீங்கியிருக்கவில்லை. ஐந்து நாட்களின் பின் நமது சாய்ந்தமருதிலும் குண்டுகள் வெடித்துக் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டதை இக்கரையில் வாழ்வோர் மறக்க முடியுமா? பாதுகாப்பைக் காரணங் காட்டி மக்காவு அணி வர மறுத்தது. சம்மேளனம் அவ்வாட்டத்தை 3–0 என இலங்கைக்கு வழங்கியது. ஆக, ஒரு பந்தையும் உதையாமலே நாம் அடுத்த சுற்றுக்குச் சென்றோம்.

சென்ற இடமோ சிங்கத்தின் குகை. தென் கொரியா, வட கொரியா, லெபனான், துர்க்மெனிஸ்தான் ஆகியவை ஒரே பிரிவில் இருந்தன. அவ்வாண்டு ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. துர்க்மெனிஸ்தானிடம் இரு முறையும் 0–2, வட கொரியாவிடம் 0–1, லெபனானிடம் 0–3, தென் கொரியாவிடம் 0–8. ஐந்து ஆட்டங்களில் ஒரு கோல்தானும் இல்லை. அதன்பின் கொள்ளை நோய் வந்து உலகமே கதவடைத்தது. வட கொரியா போட்டியிலிருந்து விலகிக்கொள்ள, அதன் ஆட்டங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. எஞ்சிய ஆட்டங்கள் யாவும் 2021 ஜூன் மாதத்தில் தென் கொரியாவின் கோயாங் நகரில் நடைபெறுமென அறிவிக்கப்பட்டது.

ஜூன் 5 ஆம் திகதி, சனிக்கிழமை. எதிரணி லெபனான், தர வரிசையில் நம்மைவிட நூறு படிகள் மேலே நின்ற அணி. நாடு முழுவதும் பயணக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம் அது. கொரியாவின் கடிகாரம் நம்முடையதற்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. எனவே ஆட்டம் நமக்குப் பகற்பொழுதிலேயே வந்தது. கைத்தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்து, முன்னே அமர்ந்தோம்.

நமது பின்மதிலுக்கு அப்பால் ஒரு முஸ்லிம் குடும்பம். அவ்வீட்டுப் பையன் நம்மிடம் கணிதம் பயின்றவன். அவ்வாண்டு மே மாதத்தில் வெளியான உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றில், பொறியியல் பீடத்துக்கான முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே அவனது புள்ளி நின்றுவிட்டது. ஒரு மாதமாக அவன் மதிலோரம் முகங்காட்டவில்லை. சோற்றுக்கு அழைத்தாலும் வருவதில்லை என்று அவனுடைய உம்மா நமது மனைவியிடம் சொல்லி வருந்தியிருந்தார். அன்று மட்டும், பந்து பார்க்கும் ஆவலோ, பொழுது போகாமையோ, அவனும் மதிலுக்கப்பால் தன் தொலைபேசியோடு அமர்ந்திருந்தான்.

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம். "சேர்! நாம அடிச்சிட்டம்!" என்று மதிலுக்கப்பாலிருந்து ஒரு கூக்குரல். நமது திரையில் பந்து இன்னும் நடு மைதானத்திலேயே கிடந்தது. நமது பெட்டிக்குப் படம் வந்து சேர்வதில் அவ்வளவு தாமதம்! சிறிது நேரங்கழித்து நமக்கும் அக்காட்சி கிட்டியது. வசீம் ராஸிக் உதைத்த பந்து வலைக்குள் புகுந்தது. நாமும் வயதை மறந்து கூவினோம். ஆனால் மதிலுக்கப்பால் ஓசையே இல்லை. ஏனென்று பின்னர்தான் விளங்கிற்று. நாம் நமது கோலுக்காகக் கை தட்டிக்கொண்டிருந்த வேளையில் அவன் திரையில் லெபனானின் ஜோன் ஊமாரி அதனைச் சமன் செய்துவிட்டார். பதினோராவது நிமிடம்! ஏற்கனவே அழிந்துபோன மகிழ்ச்சியை நாம் கொண்டாடிக்கொண்டிருந்தோம். தொலைவிலிருந்து பார்ப்பவன் நிலை இத்தகையது.

பதினேழாவது நிமிடத்தில் முகமது கதூ இரண்டாவது கோலையும், 44 ஆவது நிமிடத்தில் ஊமாரி மூன்றாவது கோலையும் போட்டனர். இனி வழமைபோல் எட்டோ ஒன்பதோ என்று எண்ணினோம். ஆனால் இரண்டாம் பாதியில் நடந்தது வேறு. 62 ஆவது நிமிடத்தில் கிடைத்த தண்டனை உதையை ராஸிக் தவறாமல் கோலாக்கினார். 3–2! எஞ்சிய இருபத்தெட்டு நிமிடங்களும் நாம் இருக்கை கொள்ளவில்லை. மத்தியஸ்தர் ஊதினார், கணக்கு மாறவில்லை. இலங்கை மீண்டும் தோற்றது.

இங்கே ராஸிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைப் பெற்றோருக்கு ஜேர்மனியின் பெர்லின் நகரில் பிறந்து, அந்நகரின் யூனியன் பெர்லின் கழகத்தில் ஆடி வளர்ந்தவர் அவர். தாய் தந்தையரின் நாட்டுக்காக ஆட வந்து, அத்தகுதிச் சுற்றில் இலங்கையரின் காலால் விழுந்த முதலாவது கோலையும் இரண்டாவதையும் போட்டவர். நாட்டுக்குள் பிறந்த நாம் அணியைப் பார்த்துச் சிரிக்கிறோம். தொலைவில் பிறந்தவர் அதற்காக ஓடுகிறார். எண்ணிப் பார்க்கத்தக்க விஷயம் அல்லவா?

"தோத்த டீமைப் பார்த்து என்ன பிரயோசனம் சேர்?" என்று அன்று மதிலுக்கப்பாலிருந்து கேட்டான் பையன். அவன் கேட்டது பந்தை மட்டுமன்று என்பது நமக்குத் தெரியும். உடனே மறுமொழி வாயில் வரவில்லை. ஆசிரியர்களுக்கும் அப்படிச் சில வேளை நேர்வதுண்டு.

நான்கு நாட்களின் பின் தென் கொரியாவிடம் 0–5 எனத் தோற்றதோடு நமது அணியின் பயணம் முடிந்தது. ஜூன் 13 ஆம் திகதி அப்பிரிவின் கடைசி ஆட்டமும் முடிந்தது. மறுநாள் காலை, ஒரு கொப்பித் தாளை ஏந்தியவாறு பையன் மதிலருகே வந்து நின்றான். ஒரு மாதத்துக்கும் மேலாகக் கையில் பேனா பிடியாதவன் கணக்கொன்று போட்டுக்கொண்டு வந்திருந்தான்!

கணக்கு இதுதான்: தென் கொரியா 16 புள்ளிகளோடு முதலிடம். லெபனான் 10 புள்ளிகளோடு இரண்டாமிடம். துர்க்மெனிஸ்தான் 9 புள்ளிகளோடு மூன்றாமிடம். இலங்கை சுழி. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. இலங்கை இன்னுமொரு கோல் போட்டு 3–3 என ஆட்டத்தை முடித்திருந்தால், லெபனானுக்கு மூன்றுக்குப் பதில் ஒரு புள்ளியே கிடைத்திருக்கும். அதன் மொத்தம் எட்டு. துர்க்மெனிஸ்தான் ஒன்பதோடு அதனை முந்தியிருக்கும். இரண்டாமிடம் பெற்ற வலிமையினாலன்றோ லெபனான் அடுத்த சுற்றுக்குச் சென்றது? "நாம இன்னொண்டு அடிச்சிருந்தா அவங்க மூணாமிடம் சேர்" என்றான். சுழி பெற்ற அணியின் ஒரு கோல் மற்றொரு நாட்டின் விதியையே மாற்றியிருக்கும் என்பதை அவனே கண்டுபிடித்திருந்தான்.

கணக்குச் சரி என்று ஒப்புக்கொண்டோம். ஆனால் கணிதம் கற்பிப்பவன் பாதிக் கணக்கோடு மாணாக்கனை அனுப்பலாகாது. மறுபாதியையும் போடச் சொன்னோம். நாம் முன்னிலை வகித்தது எத்தனை நேரம்? ஏறத்தாழ ஒரே நிமிடம். முன்னிலை பெற்ற நாம் பின்தங்கியது எப்போது? ஏழாவது நிமிடத்தில். இரண்டாம் பாதியை மட்டும் தனியே எடுத்தால் 1–0 என வென்றவர் யார்? நாமே. அப்படியானால் ஆட்டம் தோற்றது எங்கே? கோல் போட்டவுடன், மகிழ்ச்சியில் கவனம் கலைந்த அச்சில நிமிடங்களில். ஒரு கோல் தூரம் என்பது சிறியதுதான். அதனுள்ளே இருப்பவையோ சிறியவை அல்ல. முன்னிலையைக் காக்கும் பழக்கம் முன்னிலை பெற்றுப் பெற்றே வர வேண்டும். ஐந்து ஆட்டங்களில் ஒரு கோலும் போடாத அணிக்கு அப்பழக்கம் எங்கிருந்து வரும்? நல்ல மைதானமும், தவறாது நடக்கும் போட்டிகளும், சிறு வயதிலேயே பயிற்சியும் வேண்டும். அவை இல்லாத குறையே அந்த ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டது.

தோற்றவரை ஏளனம் செய்வது எளிது. "போராடித் தோற்றார்கள், பாவம்!" என்று முதுகில் தட்டுவது அதனினும் எளிது. இரண்டும் கணக்குப் பாராதவன் செயல். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குரிய கடமை, எவ்வளவு அருகில் வந்தார்கள் என்பதையும் எதனால் தவறினார்கள் என்பதையும் ஒருங்கே நேர்மையாக எண்ணிப் பார்ப்பதே. அவ்வாறு எண்ணுபவனே அடுத்த ஆட்டத்தையும் பார்க்க வருவான்.

அடுத்த ஆட்டங்களும் இனிதாய் அமைந்தன என்று சொல்ல இயலாது. 2021 அக்டோபரில் மாலைத்தீவில் நடந்த தெற்காசியப் போட்டியில் வங்காளதேசத்திடம் 0–1, நேபாளத்திடம் 2–3, மாலைத்தீவிடம் 0–1. மூன்று தோல்விகளும் ஒரே கோல் வித்தியாசம். இந்தியாவோடு மட்டும் சமநிலை. பின்னர் நிர்வாகப் பிணக்குகளால் 2023 ஜனவரியில் சம்மேளனம் நாட்டையே இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கிற்று. 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிக்காகக் கம்போடியாவோடு இரு முறை ஆடி, இரு முறையும் சமநிலை கண்டு, எதிரியின் தலைநகரிலேயே தண்டனை உதைகளில் 4–2 என வென்றது நமது அணி. 2025 மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் மீண்டும் 0–1. எட்டுக் கோலில் தொடங்கிய தோல்வி ஒரு கோலுக்குச் சுருங்கியிருக்கிறது. நிலமளப்பவர் கையிலுள்ளதையும் நாம் கோல் என்றுதானே சொல்கிறோம்? தூரத்தை அளந்தறிந்தவனுக்கே அதைக் கடக்கும் வழி தெரியும்.

பையன் 2022 பெப்ரவரியில் பரீட்சையை மீண்டும் எழுதினான். பொறியியல் கிடைக்கவில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்தில் இடங் கிடைத்தது, அங்கே சேர்ந்துகொண்டான். விரும்பிய கதவு அன்று. எனினும் திறந்த கதவு. பாங்கொக் ஆட்டத்தன்று மதிலுக்கப்பாலிருந்து மீண்டும் அவன் குரல் கேட்டது. இம்முறை பிரயோசனத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"அடுத்த மெச் எப்ப சேர்?" என்றான்.