நிதானமாக அமுக்கும் கை

பாம்பு கடித்த உறவுக்காரப் பையனை 108 வண்டியில் ஏற்றிச் சென்றபோது, மருத்துவ உதவியாளர் முகமூடி பொருத்திய ரப்பர் பை ஒன்றை அமுக்கிக்கொண்டே வந்தாராம். 'அவ்வளவு மெதுவாக அமுக்கினால் மூச்சு போதுமா?' என்று உசிலம்பட்டி வாசகர் கேட்டிருக்கிறார். போதும்.

நம் பக்கத்து ஊர்களில் தரையில் படுத்து உறங்குவோரைக் கட்டுவிரியன் அநேகமாக இரவில்தான் கடிக்கும். பெரும்பாலும் வலி தெரியாது. இமை சரியும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் திரியும் நஞ்சைப் பிடிக்கும். நரம்பு முனைகளில் ஏற்கெனவே நேர்ந்த சேதம் ஆற நாட்கள் ஆகும். அதுவரை யாராவது மூச்சு கொடுத்துவந்தால் ஆள் பிழைக்கலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அதற்கு வென்டிலேட்டர் உண்டு. வழியில் கைதான்.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவிப் பலரின் மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது, மருத்துவர் பியோன் இப்சென் சொன்ன வழியில் மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகப் பை அமுக்கினார்கள். அந்தப் பைகள் நிரம்ப வாயு சிலிண்டர் வேண்டும். 1956இல் ஹென்னிங் ரூபனும் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் கொண்டுவந்த 'ஆம்பு' பைக்கு அதுகூட வேண்டாம். சிறுவயதில் எங்கள் தெருவுக்கு வந்த ஐஸ் வண்டியின் ரப்பர் ஹாரனைப் போல, கையை விட்டதும் தானே விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். நோயாளி விடும் காற்று பைக்குள் திரும்பாமல் ஒரு சிறு வால்வு தடுக்கிறது. ஆக்சிஜன் குழாயை இணைத்தால் இன்னும் நல்லது. எனக்கு இதில் தீராத வியப்பு.

பெரியவர்களுக்கு ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை, மார்பு லேசாக உயரும் அளவு அமுக்கினால் போதும். சிறுவர்களுக்கு இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை, அளவு குறைவு. வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியெடுக்க வைக்கும். அது நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். 'சீக்கிரம் அமுக்குங்க' என்று கூட வருபவர்கள் பதறும்போது அந்த உதவியாளர் காக்கும் நிதானம்தான் சிகிச்சை.

ஆனால் பின்பக்கம் அவர் ஒருவர்தான். ஒரு கையால் முகமூடியைக் கசிவில்லாமல் முகத்தில் இறுக்கிப் பிடிக்கவேண்டும், மறு கையால் அமுக்கவேண்டும், குலுங்கும் வண்டியில். ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பிடிக்க, இன்னொருவர் பையை அமுக்குவதே சிறந்தது. இத்தகைய நோயாளியை ஏற்றும் வண்டிகளிலாவது பயிற்சி பெற்ற இன்னொருவரைப் பின்னால் அமர்த்தவேண்டும். கோரிப்பாளையத்தில் சைரன் கேட்டும் ஒதுங்காத நாம், அந்த ஒற்றைக் கையின் வேலையை இன்னும் நீட்டிக்கிறோம்.