முழங்கையில் வெட்டு... முதுகுத்தண்டில் அலாரம்!

புழல் பக்கம் ஒரு பட்டறை. தகடு நழுவி முழங்கைக்கு மேலே ஆழமாக வெட்டு என்று வையுங்கள். தையல் போட்டதும் நம்ம ஆள் டீ குடிக்கப் போய்விடுவார். சுண்டு விரல் மரத்துக் கிடக்கும். 'நரம்புதானே, தானா சரியாயிடும் வாத்தியாரே!'

ஆகாதுங்க. விரலை ஆட்டுகிற நரம்பு செல்லுக்குத் தலைமை ஆபீஸ் கழுத்துப் பக்கத்து முதுகுத்தண்டு. அங்கிருந்து கை வரை ஒரே இழை! அது அறுந்தால் ஹெட் ஆபீஸில் களேபரம். செல் உப்புகிறது. நடுவிலிருந்த உட்கரு ஓரத்துக்கு ஒதுங்குகிறது. திட்டுத் திட்டாக இருந்த துகள்கள் கலைகின்றன. ஜெர்மன் டாக்டர் ஃபிரான்ஸ் நிஸ்ஸல் 1892-லேயே இதைப் பார்த்து எழுதிவிட்டார்.

செல் சாகப்போகிறது என்று பதறாதீர்கள். தசைக்கு ஆர்டர் போடுவதை விட்டுவிட்டு, இழையை வளர்க்கப் புரோட்டீன் தயாரிக்கிறது. மற்ற செல்களோடு இருந்த தொடர்புகள்கூடப் பல கழன்றுவிடும். ஆடிட் நேரத்தில் நாம் போனை எடுத்துக் கீழே வைப்போமே, அந்த மாதிரி!

வளர்கிற வேகம்? நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். 35 செ.மீ. தூரம் என்றால் ஒரு வருஷம். தசையோ 12 முதல் 18 மாதம்தான் காத்திருக்கும். அப்புறம் நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆளிருக்காது. நாளாக ஆக செல்லின் உற்சாகமும் குறைந்துவிடும். ஆறு மாதம் 'பார்க்கலாம்' என்று ஓட்டினால், கூட்டிக் கழித்துப் பாருங்கள்... உதைக்கிறதா?

புழலிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஒன்றும் அமெரிக்கா இல்லை. 1971-ல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிப்பிரிவு தொடங்கிய இடம். விலாசம்தான் பழைய ஜெயில் ரோடு. புது ஜெயிலையே தினம் பார்க்கிற புழல்காரர்களுக்கு என்ன பயம்? தையலுக்குப் பிறகும் விரல் மரத்திருந்தால், அந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.