எண் அதே, உடல் வேறு

லண்டனின் சிவப்பு மாடி பஸ் அத்தனை காலம் ஓடியது எப்படி என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். திறந்த பின்படியையும் மணியடிக்கும் கண்டக்டரையும் சினிமாவிலேயே பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது, ரூட்மாஸ்டர் என்ற அந்த பஸ் பிரிந்து சேரும் விதம்.

லண்டன் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் போர்க்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியது. அலுமினியத்தில் கை தேர்ந்தது அப்போதுதான். 1954இல் வெளிக்காட்டிய ரூட்மாஸ்டருக்கு நீளமான சேஸிஸே இல்லை. அலுமினியக் கூடுதான் பாரம் தாங்கியது. எஞ்சினும் முன்சக்கரங்களும் ஒரு சட்டத்தில், பின் அச்சு இன்னொரு சட்டத்தில். பழைய ஆர்.டி. பஸ்ஸில் 56 இருக்கைகள், இதில் 64. ஆனாலும் எடை கூடவில்லை. 1968 வரை 2,876 வண்டிகள் செய்தார்கள்.

லண்டனுக்கு வடக்கே ஆல்டன்ஹாமில் ஒரு மாபெரும் பட்டறை இருந்தது. சில ஆண்டுகளுக்கொருமுறை ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே போகும். என் அப்பா சைக்கிளை ஓவராயிலுக்கு விட்டால், கடைக்காரர் பால்ரஸ் வரை கழற்றி மண்ணெண்ணெயில் போடுவார். மாலையில் அதே சைக்கிள் வீடு வரும். ஆல்டன்ஹாமில் அதே பஸ் திரும்பி வராது! கூட்டைத் தூக்கி, இரு சட்டங்களையும் தனித்தனியே செப்பனிடுவார்கள். எவை முதலில் தயாரோ, அவற்றைச் சேர்த்து ஒரு பஸ். உள்ளே வந்த வண்டியின் எண்ணும் லைசென்ஸும், ஏற்கெனவே தயாராக நிற்கும் இன்னொரு வண்டிக்குப் போய்விடும். கட்டிய வரி வீணாகாது, வழித்தடத்திலும் வண்டி குறையாது. இப்படி ஒரே எண் தன் காலத்தில் பல உடல்களைக் கண்டது.

எந்த உடலும் எந்தச் சட்டத்திலும் பொருந்த வேண்டுமென்றால், வரைபலகையிலேயே மெக்கானிக்கை நினைத்திருக்க வேண்டும். இன்று பல பொருள்களில் திறக்கக்கூடத் திருகாணி வைப்பதில்லை. கெட்டால் புதிது வாங்கு என்கிறார்கள். வாங்கும் நம்மிடமும் பிழை உண்டு. கழற்ற வருமா என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

ஆல்டன்ஹாம் 1986இல் மூடப்பட்டது. ரூட்மாஸ்டர் நிற்கவில்லை. தொண்ணூறுகளில் பல வண்டிகளுக்குக் கம்மின்ஸ், இவெகோ எஞ்சின்களைப் பொருத்தினார்கள். ஆனால் சக்கர நாற்காலியில் வருபவர் அந்தப் பின்படியில் ஏற முடியாது. எந்த ஓவராயிலும் அதைச் சரிசெய்யாது. வழக்கமான சேவையில் கடைசி ரூட்மாஸ்டர் 159ஆம் தடத்தில் 2005 டிசம்பர் 9 அன்று ஓடியது.