கைப்பிடி இறப்பரும் கைநழுவும் பாதுகாப்பும்

வீட்டில் பெரிதாகப் பழுதடையும் பொருள் நமது கவனத்தை உடனடியாக ஈர்த்துவிடுகின்றது. மின்விளக்கு எரியாவிட்டால் அன்றைக்கே ஆளை அழைக்கின்றோம். ஆனால் மின்னழுத்தியின் வயர் நுழையும் இடத்தில் வெடித்திருக்கும் இறப்பர் உறையையும், மின்கேத்தலின் கைப்பிடியிலிருந்து கழன்று ஆடும் இறப்பரையும், பிளெண்டரின் அடியில் தேய்ந்துபோன இறப்பர்ப் பாதங்களையும் மாதக்கணக்கில் பார்த்தும் பாராமல் இருந்துவிடுகின்றோம். கொதிநீர் கையில் கவிழ்ந்த பின்னரோ, மின் அதிர்ச்சி தாக்கிய பின்னரோ தான் அந்தச் சிறு துண்டின் பெறுமதி நமக்குப் புலப்படுகின்றது.

பதுளை மாவட்டத்தின் தோட்டப்புறங்களில் இது வெறும் சிக்கன விடயமன்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, ஹாலிஎல எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களில் ஒரு லயன் அறைக்குள்ளேயே சமையலும், படிப்பும், உறக்கமும் நடைபெறுகின்றன. இடவசதி குறைந்த அவ்வறைகளில் பிள்ளைகள் விளையாடும் இடத்திற்கும் கேத்தல் கொதிக்கும் இடத்திற்கும் இடையே இரண்டடி தூரமே இருக்கின்றது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டில் 1000 ரூபாவாகவும், 2024 ஆம் ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டதை நாம் அறிவோம். இத்தகைய வருமானத்தில் ஒரு புதிய மின்கேத்தலோ பிளெண்டரோ வாங்குவதென்பது பல நாள் உழைப்பை ஒரே தடவையில் கொடுத்துவிடுவதாகும். எனவே எதனைத் திருத்திப் பாவிக்கலாம், எதனைத் திருத்தவே கூடாது என்பதை அறிந்திருப்பது ஒவ்வொரு குடும்பத்திற்கும் அவசியமாகின்றது.

இறப்பர் விளையும் நாட்டில்

இறப்பர் நமக்கு அந்நியமான பொருளன்று. 1876 ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளே கம்பஹா ஹெனரத்கொடையில் நடப்பட்டு, ஆசியாவின் இறப்பர்ச் செய்கைக்கு அடித்தளமிட்டன. 1952 ஆம் ஆண்டில் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தம் நாட்டின் உணவுப் பாதுகாப்புக்கே கைகொடுத்தது. ஊவா மாகாணத்தில் பதுளை மாவட்டம் தேயிலைக்குப் பெயர்பெற்றிருக்க, அயலிலுள்ள மொனராகலை மாவட்டத்தில் இறப்பர்ச் செய்கை விரிவடைந்துள்ளது. இவ்வாறு இறப்பரை உலகுக்கு வழங்கும் மண்ணில் வாழ்ந்துகொண்டே, அதன் இயல்பை அறியாமல் கைப்பிடி கழன்ற உபகரணத்தைக் குப்பையில் வீசுவது வேடிக்கையே.

மரத்திலிருந்து வடியும் பால் உறைந்து கிடைக்கும் இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றுடனொன்று பிணைந்து உறுதியடைகின்றன என்பதை 1839 ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். இன்று நாம் காணும் இயற்கை இறப்பர்ப் பொருட்கள் பெரும்பாலானவற்றின் அடிப்படை இதுவேயாகும். ஆயினும் அப்பிணைப்புகள் நிலையானவையல்ல. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும், சூரிய ஒளியும், வெப்பமும், எண்ணெயும் அவற்றைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இழுவிசைக்குள்ளாகியிருக்கும் இறப்பரில் ஓசோன் விரைவாகத் தாக்கும். வளைந்தே இருக்கும் வயரின் மேலுறையில் குறுக்கே வெடிப்புகள் விழுவதற்கு இதுவே காரணம்.

மூன்று வகைக் கைப்பிடிகள்

வீட்டு உபகரணங்களில் நாம் பொதுவாக "இறப்பர்" என்று சொல்பவை அனைத்தும் ஒரே பொருளல்ல. முதலாவது வகை, உண்மையான இறப்பர். பழைய உபகரணங்களின் பாதங்களிலும் வளையங்களிலும் இது உண்டு. முதுமையடையும்போது இது விறைத்து வெடிக்கின்றது. இரண்டாவது வகை, டோர்ச் லைட், கைமிக்சர், முடி உலர்த்தி போன்றவற்றின் பிளாஸ்டிக் உடலின்மீது மென்மைக்காகப் பூசப்பட்ட அல்லது வார்க்கப்பட்ட செயற்கைப் படலம். இது வெடிப்பதில்லை, சில வருடங்களில் பிசுபிசுத்து, தூசியையும் மயிரையும் இழுத்து வைத்துக்கொள்கின்றது. காற்றின் ஈரப்பதனால் படலத்தின் இரசாயனப் பிணைப்புகள் உடைவதும், மென்மையாக்குவதற்காகச் சேர்க்கப்பட்ட பொருட்கள் மேற்பரப்புக்குக் கசிவதும் இதற்குக் காரணங்களாகும். பாவிக்காமல் அலுமாரியில் வைத்த பொருளும் இவ்வாறு கெட்டுவிடுவதைப் பலர் கண்டு வியந்திருப்பர். மூன்றாவது வகை சிலிக்கன். ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும் இது எளிதில் கெடாது. ஆனால் கூரான பொருள் பட்டால் கிழியும்.

பிரஷர் குக்கரின் கறுப்புக் கைப்பிடி இம்மூன்றிலும் சேராது. அது 1907 ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட் என்ற கடினமான பொருளின் வழிவந்தது. அதனை உருக்கவோ வளைக்கவோ முடியாது. உடைந்தால் மாற்றவே வேண்டும்.

ஊவாவின் காலநிலையும் இவற்றின் ஆயுளைக் குறைக்கின்றது. வருட இறுதியில் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் தொடர்மழையும் ஈரமும் பிசுபிசுப்பை விரைவுபடுத்துகின்றன. நடுவருடத்தில் வீசும் வரண்ட காற்றும் கடும் வெயிலும் சன்னலோரத்தில் வைக்கப்பட்ட இறப்பரை விறைக்கச் செய்கின்றன. விறகடுப்பின் வெக்கையும் புகையும் எண்ணெய்ப் படிவும் இவற்றுடன் சேர்ந்துகொள்கின்றன.

திருத்தக் கூடியவை

கையில் வழுக்காமல் பிடிப்பதற்காக மட்டும் இருக்கும் இறப்பரை வீட்டிலேயே திருத்தலாம். மின்சாரத்தையோ, நீராவியையோ, வாயுவையோ தடுத்து நிற்கும் இறப்பரைத் திருத்தலாகாது, மாற்றவே வேண்டும். இந்த ஒரு விதியை மனதிற் பதித்துக்கொண்டால் பெரும்பாலான விபத்துகளைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னரும் செருகியைக் கழற்றி, உபகரணத்தை முழுமையாக ஆறவிட வேண்டும். பிசுபிசுக்கும் கைப்பிடியை, மருந்துக் கடையில் கிடைக்கும் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டில் சற்றே நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் கெட்டுப்போன படலம் உருண்டு வந்துவிடும். அடியிலுள்ள பிளாஸ்டிக் தெரியும்வரை துடைத்துவிடுவதே நல்லது. அப்பச்சோடாவை நீருடன் குழைத்துத் தேய்ப்பதும் பயன்தரும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்கு அப்பால், காற்றோட்டமுள்ள இடத்தில் இதனைச் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய், பெற்றோல் என்பவற்றைப் பாவிப்பது இரட்டைத் தவறாகும். அவை தீ அபாயத்தை ஏற்படுத்துவதுடன் இறப்பரை ஊதச் செய்து மேலும் கெடுக்கின்றன. இறப்பர் "பளபளக்க" வேண்டுமென்று தேங்காயெண்ணெய் பூசும் வழக்கமும் கைவிடப்பட வேண்டியதே.

கழன்று சுழலும் கைப்பிடி உறையை முழுமையாகக் கழற்றி, உள்ளேயும் அடியிலும் உள்ள எண்ணெய்ப் படிவைச் சவர்க்கார நீரால் கழுவி நன்கு உலரவிட வேண்டும். மீண்டும் ஏற்றும்போது உட்புறத்தில் சிறிது ஸ்பிரிட் தடவினால் உறை வழுக்கி உள்ளே செல்லும். சிறிது நேரத்தில் ஸ்பிரிட் ஆவியாகி உறை இறுகிவிடும். உறையின் உட்துவாரம் அகன்றிருந்தால், அடியில் மெல்லிய துணிப் பட்டி ஒன்றைச் சுற்றி, அதன்மேல் ஏற்றலாம்.

முற்றாகத் தேய்ந்த கைப்பிடிக்கு வெப்பத்தால் சுருங்கும் குழாய் உறை சிறந்த மாற்றீடாகும். மின் உதிரிப்பாகக் கடைகளில் அளவு சொல்லி வாங்கலாம். பொதுவான வகை தனது விட்டத்தில் பாதியளவுக்குச் சுருங்கும் என்பதால் கைப்பிடியை விடச் சற்றே பெரிய அளவைத் தெரிவு செய்தால் போதும். சூடான காற்றைச் செலுத்தியே சுருக்க வேண்டும். மெழுகுதிரிச் சுவாலை பிளாஸ்டிக்கைக் கருக்கிவிடும். டோர்ச் லைட், தோட்டக் கருவிகள் போன்ற சூடேறாத பொருட்களுக்குப் பழைய சைக்கிள் டியூப்பை நீள்பட்டியாக வெட்டி, இழுத்துச் சுற்றி, முனையை டியூப் ஒட்டும் சொலூஷனால் ஒட்டுவது செலவற்ற வழி. விடியற்காலையில் வழுக்கும் படிகளில் இறங்கிச் செல்லும் தொழிலாளியின் கையில் டோர்ச் உறுதியாக நிற்பது சிறு காரியமன்று.

பிளெண்டர், கிரைண்டர் என்பவற்றின் பாதங்கள் தேய்ந்தால் இயந்திரம் அதிர்ந்து மேசை ஓரத்திற்கு நகர்கின்றது. நோன்புக் காலத்தில் கஞ்சிக்கும், தீபாவளி நாட்களில் பலகாரத்திற்கும் மணிக்கணக்கில் அரைக்கும் வீடுகளில் இதனை அவதானிக்கலாம். ஒரே தடிப்புள்ள நான்கு இறப்பர்த் துண்டுகளை வெட்டி, இரு பரப்புகளையும் சற்றே சுரண்டி, சொலூஷன் பூசிச் சில நிமிடம் உலரவிட்டு அழுத்தி ஒட்டினால் போதுமானது. அடிப்புறத்திலுள்ள காற்றுத் துவாரங்களை மறைத்துவிடக் கூடாது. மறைத்தால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். உடனொட்டும் 'சுப்பர் குளூ' வகைப் பசைகள் உலர்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்துவிடுவதால், வளைந்து நெளியும் இறப்பருக்கு அவை பொருந்தா.

திருத்தக் கூடாதவை

மின்னழுத்தியின் வயர் உள்ளே நுழையும் இடத்திலுள்ள இறப்பர் உறை அழகுக்காக வைக்கப்பட்டதன்று. வயர் ஒரே இடத்தில் மடிந்து அறுபடாமல் காப்பதே அதன் பணி. அது வெடித்த பின்னர் உள்ளேயுள்ள செப்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. எஞ்சிய சில கம்பிகளினூடாக முழு மின்னோட்டமும் பாயும்போது அவ்விடம் சூடேறித் தீப்பற்றக் கூடும். நமது மின்னழுத்தம் 230 வோல்ற்று. 1000 வோற்று மின்னழுத்தி நான்கு அம்பியருக்கு மேலாகவும், 2000 வோற்று கேத்தல் ஒன்பது அம்பியருக்கு அண்மையாகவும் மின்னோட்டத்தை இழுக்கின்றன. இத்தகைய இடத்தில் டேப் சுற்றுவது காயத்தை மறைப்பதேயன்றி ஆற்றுவதன்று. சாதாரண பி.வி.சி. டேப் சூட்டில் இளகிக் கழன்றுவிடும். பழுதான பகுதியை வெட்டி நீக்கி, வெப்பம் தாங்கும் வயரையும் புதிய உறையையும் பொருத்துவது தொழில் அறிந்தவரின் வேலையாகும். லயன் தொகுதிகளில் ஏற்பட்ட தீ விபத்துகள் பலவற்றின் பின்னர் மின்னொழுக்கே காரணமாகக் கூறப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. ஓர் அறையில் பற்றும் தீ ஒரே கூரையின்கீழ் உள்ள அத்தனை குடும்பங்களையும் வீதிக்குக் கொண்டுவருகின்றது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பொருத்தப்பட்டுள்ள வீடுகளில் அதன் பரிசோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்ப்பது நன்று.

பிரஷர் குக்கரின் மூடி வளையமும் இவ்வகையினதே. உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் 98 பாகை அளவிலும், 1430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் 95 பாகை அளவிலும் நீர் கொதித்துவிடும். அதனால் பருப்பும் கடலையும் இறைச்சியும் வேக நேரமெடுக்கின்றன. மலைநாட்டில் குக்கர் வெறும் வசதிப்பொருளாக அன்றி, விறகையும் வாயுவையும் மீதப்படுத்தும் தேவைப்பொருளாக இருப்பதன் காரணம் இதுவே. உள்ளே 120 பாகை வரை எட்டும் நீராவியை அடக்கி நிற்கும் வளையத்தில் வெடிப்போ, விறைப்போ, ஒழுக்கோ காணப்பட்டால் அதே அளவான புதிய வளையத்தை மாற்ற வேண்டும். நூல் சுற்றுவதும் பசை பூசுவதும் உயிரோடு விளையாடுவதாகும். பாதுகாப்பு வால்வின் இறப்பருக்கும் இது பொருந்தும்.

சமையல் வாயு இறப்பர்க் குழாயைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் பதிவான வாயு வெடிப்புச் சம்பவங்கள் அனைவரது நினைவிலும் உள்ளன. வெடித்த குழாயை டேப்பினால் சுற்றாமல், உடனே மாற்றுவதே ஒரே வழி. அதேபோல் 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியின்போது ஏற்பட்ட வெள்ளத்திலும் மண்சரிவிலும் நனைந்த மின் உபகரணங்களை, கைப்பிடி நன்றாக இருக்கின்றது என்பதற்காகப் பாவிப்பதும் ஆபத்தானது. உட்புறத்தைத் தகுதியுள்ள ஒருவர் பரிசோதித்த பின்னரே செருகியைப் பொருத்த வேண்டும்.

செய்ய வேண்டியது

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்து, பல பொருட்களின் இறக்குமதியும் மட்டுப்படுத்தப்பட்டபோது, நகரங்களின் சிறு திருத்தகங்களே சாதாரண குடும்பங்களுக்குத் துணைநின்றன. அத்தொழிலைப் பாதுகாப்பது பொதுநலனுக்குரிய விடயமாகும். உலகம் இத்திசையில் சிந்திக்கத் தொடங்கியுள்ளது. உபகரணம் எவ்வளவு இலகுவாகத் திருத்தக் கூடியது என்பதைப் புள்ளியிட்டுக் காட்டும் முறையைப் பிரான்ஸ் 2021 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஆம் ஆண்டில் திருத்தும் உரிமை தொடர்பான பணிப்புரையை நிறைவேற்றியது. நாமும் இறக்குமதியாளர்களிடமிருந்து குறைந்தபட்சம் வளையம், உறை, பாதம் போன்ற சிறு உதிரிப்பாகங்களையேனும் எதிர்பார்க்க வேண்டும். நமது அரசியலமைப்பு தமிழையும் அரச கரும மொழியாக ஏற்றுள்ளபோதிலும், தமிழில் பாவனைக் குறிப்பு இல்லாத உபகரணங்கள் தோட்டத்து வீடுகளுக்குள் நுழைகின்றன. ஆபத்தை எச்சரிக்கும் வாசகம் படிப்பவருக்குப் புரியாவிட்டால் அது அச்சிடப்படாததற்குச் சமம்.

தோட்டப்புற இளைஞர், யுவதிகளுக்குத் தமிழ்மொழி மூலம் வீட்டு உபகரணத் திருத்தப் பயிற்சிகளை விரிவுபடுத்துவது தொழில்வாய்ப்பையும் பாதுகாப்பையும் ஒருங்கே வழங்கும். தோட்ட முகாமைத்துவங்களும், தொழிற்சங்கங்களும், ஆலய, பள்ளிவாசல் நிருவாகங்களும் இதில் கைகோர்க்கலாம். அதுவரை, இன்றைய தினமே நமது வீட்டிலுள்ள மின்னழுத்தியின் வயரையும் குக்கரின் வளையத்தையும் ஒருமுறை வெளிச்சத்தில் வளைத்துப் பார்ப்போமாக. வெடிப்புத் தெரிந்தால், அதனைச் சொந்தக் கையால் மூடி மறைக்காமல் மாற்றிவிடுவதே அறிவுடைமையாகும்.