ஊசி குத்தினால் புற்றுநோய் பரவுமா?



கல்லீரலில் கட்டி இருக்குன்னு ஸ்கேன்ல சொன்னதும் நம்ம வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "சதை டெஸ்டுக்கு விடாதீங்க, ஊசி குத்தினா பரவிரும்" என்பதுதான். தீப்பெட்டி ஆபீஸிலும் பயர் ஆபீஸிலும், ஏன், நம் குழுக் கூட்டங்களிலும் இதைக் கேட்கிறேன். இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. எவ்வளவு என்று பார்ப்போம்.

விருதுநகர் மண்டியில் மல்லி மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உருவும்போது நாலு மல்லி கீழே சிந்தும். அதே மாதிரிதான், கல்லீரல் புற்றுக்கட்டியில் குத்திய ஊசி வெளியே வரும்போது சில செல்கள் வந்த வழியில் ஒட்டிக்கொள்ளலாம். பல மாதம் கழித்து அந்த இடத்தில் தோலுக்கடியில் சின்னக் கட்டியாக வளரலாம்.

எத்தனை பேருக்கு? பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2008-இல் கணக்குப் பார்த்தபோது 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு. முதலில் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அதற்குள்ளே ஊசியை விட்டு எடுக்கும் முறையில் இது இன்னும் குறைவு. வந்தாலும் பெரும்பாலும் அந்தக் கட்டியை வெட்டி எடுத்துவிட முடிகிறது.

இன்னொன்று, எல்லோருக்கும் ஊசி தேவையில்லை. குடியாலோ, பி வகை மஞ்சள் காமாலைக் கிருமியாலோ கல்லீரல் சுருங்கியவர்களுக்கு, மருந்து ஏற்றி எடுக்கும் சிடி அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே பல நேரம் நோய் தெளிவாகத் தெரிந்துவிடும். ஸ்கேனில் தெளிவில்லை, அல்லது வேறு உறுப்பிலிருந்து வந்த நோயோ என்று சந்தேகம் என்றால் சதை பார்த்துத்தான் ஆகணும். என்ன புற்று என்று தெரியாமல் மருந்தை எப்படி முடிவு செய்வது?

அதனால் டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்: "ஸ்கேன் போதாதாங்க? ஊசியில் வருகிற முடிவால் வைத்தியம் மாறுமா? ஆபரேஷன் பண்ணலாம்னா அதுக்கு முன்னாடி இது வேணுமா?" என்னைக் கேட்டால், பரவுவதைவிட ரத்தக் கசிவைத்தான் முதலில் கவனிக்கணும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கல்லீரல் கதையைக் கொண்டுபோய் மார்புக் கட்டியோடு ஒட்டுவதுதான் பெரிய அநியாயம். மார்பில் ஊசிப் பரிசோதனை செய்வதால் நோய் முற்றிவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. அந்தப் பயத்தில் ஆறு மாதம் தள்ளிப்போட்டால், அதற்குள் கட்டி தானாகவே வளர்ந்துவிடும்.

கல்லீரலில் ஊசி போட்டவர்கள், குத்திய இடத்தைக் குளிக்கும்போது தடவிப் பாருங்கள். பட்டாணி அளவு தட்டுப்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், பழைய ஸ்கேன் படங்களோடு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.