ஓடாத கார் புதிய காரா?

சென்ற பருவத்தில் உராய்வு பற்றிய பாடம் முடிந்து வகுப்பை விட்டு வெளியே வந்தபோது மாணவர் ஒருவர் பின்னாலேயே வந்தார். அவருடைய அண்ணன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். அங்கே 2002-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட போர்ஷே பாக்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். இத்தனை ஆண்டுகளில் அது 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. "ஓடாத வண்டி சார், தேய்மானமே இருக்காது இல்லையா? அண்ணனை வாங்கச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

ஆம் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். உராய்வினால் வரும் தேய்மானம் ஓட்டத்தைப் பொறுத்தது, அது சரிதான். ஆனால் ஒரு மோட்டார் வண்டி உராய்வினால் மட்டும் கெடுவதில்லை. நாள்பட்டாலும் கெடும்.

முதலில் விலையைப் பற்றி ஒரு சொல். பாக்ஸ்டர் 1996-இல் வெளிவந்தது. இருவர் மட்டுமே அமரலாம்; கூரையை மடக்கிவிடலாம். இருக்கைகளுக்கும் பின் அச்சுக்கும் நடுவே எஞ்சின் இருக்கிறது. அதில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் அமைந்துள்ளன. தொடக்கத்தில் அமெரிக்காவில் இதன் விலை ஏறத்தாழ 40,000 டாலர். இன்று பழைய வண்டியாக அதில் ஒரு பங்கு கொடுத்தாலே கிடைத்துவிடுகிறது. ஆசைப்படுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இறங்கியது வண்டியின் விலை மட்டுமே. அதற்கு வாங்க வேண்டிய உதிரிப் பாகங்களின் விலையோ, பட்டறைக் கூலியோ இறங்கவில்லை. வண்டியின் நிறையும் வேகமும் முன்போலவே இருக்கும்போது எப்படி இறங்கும்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் நிறை சுமார் 1,300 கிலோகிராம். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் வேகவரம்பு இல்லாத பகுதிகள் உண்டு. அங்கே மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது நடைமுறையில் காணக்கூடிய வேகமே. அந்த வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 20 லட்சம் ஜூல். ஆறு லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும்! பிரேக்கை அழுத்திச் சில நொடிகளில் வண்டியை நிறுத்தும்போது இந்த ஆற்றலில் பெரும்பகுதி நான்கு இரும்புத் தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. வேகம் 100 கிலோமீட்டராக இருந்தால் ஆற்றல் இதில் கால் பங்குதான். ஆகவே இத்தகைய வண்டிக்குப் பெரிய தட்டுகள் வேண்டும். மாற்றும்போது செலவும் பெரிதாகும். எஞ்சின் எண்ணெயும் அப்படியே. சின்னக் காருக்கு மூன்று நான்கு லிட்டர் போதும் என்றால் இதற்கு எட்டு லிட்டருக்கு மேல் வேண்டும். டயர்களோ முன்னே குறுகலும் பின்னே அகலமுமாக வேறுபடுகின்றன. சாதாரணக் காரில் செய்வதுபோல முன் டயரைப் பின்னுக்கு மாற்றித் தேய்மானத்தைச் சமப்படுத்த வழியில்லை.

இனி, ஓடாமலே கெடுபவற்றுக்கு வருவோம்.

அவற்றில் முதன்மையானது ரப்பர். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் தாக்குகிறது. புதிய குறுக்குப் பிணைப்புகள் தோன்றி ரப்பர் இறுகிப்போகிறது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியல் மாணவர்களுக்குத் தெரியும். வண்டி கொட்டகையில் உறங்கினாலும் இந்த வினை உறங்குவதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2312 என்றிருந்தால் அது 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தடங்கள் புத்தம் புதிதாகத் தோன்றினாலும் அந்த டயரை நம்பி வேகம் போகக் கூடாது.

மடக்கும் கூரையின் மழைநீர் வடிதுளைகளில் இலைச்சருகு அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது நீர் உள்ளே இறங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தேங்கும். பூட்டுகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தார்களோ!

ஆனால் இந்த வண்டியின் பெயரைக் கேட்டதும் வல்லுநர்கள் முதலில் விசாரிப்பது டயரையோ கூரையையோ அன்று. எஞ்சினுக்குள் உள்ள, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பால் பேரிங்கைத்தான் விசாரிக்கிறார்கள்.

கிராங்க் தண்டின் சுழற்சி சங்கிலி மூலம் ஓர் இடைத்தண்டுக்குச் செல்கிறது. அங்கிருந்து வேறு சங்கிலிகள் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளைச் சுழற்றுகின்றன. இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்குவதுதான் அந்தப் பேரிங். உள்ளே கிரீஸ் நிரப்பி ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். குண்டுகளும் அவை உருளும் தடமும் நேரே உரசாமல் காப்பது மிக மெல்லிய மசகுப் படலம். அதன் தடிமன் ஒரு மைக்ரான் அளவுகூட இராது. நம் தலைமுடியோ எழுபது மைக்ரான் அளவு தடித்தது. சுழற்சி வேகம் குறைந்தால் படலம் இன்னும் மெலியும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் மூடி இறுகி விளிம்பில் இடைவெளி விடுகிறது. சூடான எஞ்சின் எண்ணெய் கசிந்து உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. "எண்ணெயும் மசகுதானே, நல்லதுதானே?" என்று கேட்கலாம். எண்ணெய் ஓடிக்கொண்டே இருந்தால் நல்லதுதான். இங்கே மூடி பாதி அடைத்து நிற்பதால் உட்புகுந்த எண்ணெய் தேங்கிப் பழசாகிறது. படலம் அறுந்த இடங்களில் எஃகில் குழிகள் விழுகின்றன. முடிவில் பேரிங் சிதறினால் இடைத்தண்டு இடம்பெயரும், சங்கிலியின் ஒழுங்கு தப்பும், திறந்திருக்கும் வால்வின்மேல் பிஸ்டன் மோதும். ஒரு நொடிக்குள் எஞ்சின் பாழ். வேறு எஞ்சின் பொருத்தும் செலவு பல சமயம் வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

தொடக்க கால எஞ்சின்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் இருந்தன. பின்னர் ஒற்றை வரிசையாக்கினார்கள். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களைக் குறித்து அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் 2013-இல் உடன்பாடு ஏற்பட்டது. அதையொட்டிப் பரவலாக எடுத்துச் சொல்லப்படும் கணக்கின்படி, இரட்டை வரிசையில் பழுதானவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஒற்றை வரிசையில் நூற்றுக்கு எட்டு அளவு. 2009 மாடல் முதல் புதிய எஞ்சினில் இடைத்தண்டே இல்லை.

நூற்றுக்கு எட்டு என்பது பெரிதா, சிறிதா? புது எஞ்சினுக்கு 12,000 யூரோ ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதில் எட்டு விழுக்காடு 960 யூரோ. முன்னெச்சரிக்கையாகப் பேரிங்கை மாற்ற 2,500 யூரோ கேட்கிறார்கள் என்றால், மாற்றாமல் விடுவதே இலாபம் என்று கணக்கு சொல்லும். நூறு வண்டிகள் வைத்திருப்பவருக்கு இது சரி. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கோ வரும் செலவு சுழி, அல்லது 12,000. அவர் ஒருநாளும் 960 யூரோ கொடுக்கப் போவதில்லை. இன்னொன்று, அந்த எட்டு விழுக்காடு பழைய கணக்கு. அதன் பிறகு வண்டிகளுக்கு இன்னும் வயதாகிவிட்டது.

நல்லவேளையாக, அந்தப் பேரிங்கை எட்டுவதற்குக் கழற்ற வேண்டிய கியர் பெட்டியைக் கிளட்ச் மாற்றும்போதும் கழற்றியே ஆக வேண்டும். கூலியில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொது. கிளட்ச் தேய்ந்த வண்டியாகப் பார்த்து, விலையைக் குறைத்து வாங்கி, இரண்டையும் ஒன்றாக மாற்றுவதுதான் என் கணக்கில் சிக்கனம். மாணவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. தேய்ந்த வண்டியைத் தேடி வாங்குவார்களா என்று சிரித்தார்.

பிறகு 48,000 கிலோமீட்டரைப் பற்றிப் பேசினோம். ஆண்டுக்குச் சராசரி 2,000 கிலோமீட்டர் அளவு. அவற்றை எப்படி ஓட்டினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறிது பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் சேரும். ஒரு மணி நேரம் ஓடினால் எண்ணெய் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் ஆவியாகிவிடும். கடைக்கும் வீட்டுக்குமாகப் பத்து நிமிடம் ஓடினால் எட்டு லிட்டர் எண்ணெய் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். ஈரம் தங்கும், அமிலம் சேரும், அந்த எண்ணெய்தான் பேரிங்குக்குள் கசிகிறது. ஆண்டுக்கு நாலு முறை நெடும்பயணம் போன வண்டியும், நாள்தோறும் நாலு தெரு சுற்றிய வண்டியும் மானியில் ஒரே எண்ணைக் காட்டலாம்.

ஆகவே விற்பவரிடம் கிலோமீட்டரைக் கேட்பதைவிட, எண்ணெய் மாற்றிய ரசீதுகளின் தேதிகளைக் கேட்கச் சொன்னேன். ஓட்டம் குறைவு என்று மூன்று ஆண்டுகள் மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வண்டி வேண்டாம். ரசீதுகள் ஒழுங்காக இருந்தால், பட்டறையில் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி அதன் காகித மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். மினுக்கும் துகள்கள் தென்பட்டால் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். ஒட்டாதவை அலுமினியமாக இருக்கலாம். அவற்றுக்கும் காரணம் கண்டறிய வேண்டும். ஒட்டிக்கொண்டு வருபவை எஃகு. அவை அந்தப் பேரிங்கிலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும்.

மாணவர் அன்றிரவே அண்ணனுக்குச் சொல்லிவிட்டாராம். விற்பவர் வடிகட்டியைக் கழற்ற இன்னும் சம்மதிக்கவில்லை.