நடுரோட்டுத் தூக்கு

பச்சைப் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமை ஒன்று செய்தியில் வந்துவிட்டால் சிவகாசி, சாத்தூர் டீக்கடைகளில் ஒரே தீர்ப்புதான்: "அவன நடுரோட்டுல தூக்குல போடணும்." அந்தக் கோபத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்படிப் போட்டுப் பார்த்த ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது.

சாத்தூரிலிருந்து கோவில்பட்டி தாண்டித் தெற்கே போனால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கிழக்கிந்தியக் கும்பெனியின் மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் விசாரணை என்று ஒன்றை நடத்தி, பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தொங்கவிட்டார். அதற்கு முன்பே அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் நட்டுவைத்திருந்தார்கள். பார்க்கிறவன் நடுங்க வேண்டும், அதுதான் கும்பெனியின் கணக்கு. ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் திரும்ப எழுந்தது. மாவீரனையும் பிள்ளையைக் கொன்றவனையும் ஒரே தட்டில் வைப்பதா என்று கேட்பீர்கள். நான் வைக்கவில்லை. ஆனால் தூக்குமேடை ஆளைப் பார்த்துப் பேதம் பாராட்டாது. ஆட்சி யாரைக் குற்றவாளி என்கிறதோ அவனுக்குத்தான் கயிறு.

சுதந்திர இந்தியாவிலும் ஒரு நீதிமன்றம் இதற்குத் துணிந்தது. மருமகளை எரித்துக் கொன்ற வழக்கில், லச்மா தேவியை ஜெய்ப்பூரில் மைதானத்தில், ஊரறிய விளம்பரம் செய்து தூக்கிலிட ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அட்டர்னி ஜெனரலே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். சிறை விதியே இடம் கொடுத்தாலும் பகிரங்கத் தூக்கு அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்று 1980-களின் நடுவில் தீர்ப்பானது. குற்றம் காட்டுமிராண்டித்தனமானது என்பதற்காகத் தண்டனையும் அப்படி இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மரண தண்டனை சட்டத்தில் இன்றும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்திலும் உண்டு. ஆனால் அது சிறைச் சுவருக்குள்தான்.

சட்டம் மூடிய கதவைக் கூட்டம் வேறு வழியில் திறக்கப் பார்க்கிறது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, ஒரு பெண்ணைக் கொன்றதாகக் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது பூத்தூவி, பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்று 2022-ல் சொன்னது. அந்த நால்வர் குற்றவாளிகள்தானா என்று எந்த நீதிமன்றமும் இனி சொல்ல முடியாது.

தூக்கு கேட்கும் நாம், சட்டத்தில் இருக்கும் தண்டனையைக் கவனிப்பதில்லை. 2012-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கவனக்குறைவால் மரணம் என்ற பிரிவில் அன்றைக்கு அதிகபட்சம் இரண்டே வருடம். புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்து. அந்த வருடங்களாவது தவறாமல் கிடைக்கிறதா என்று நாம் கேட்பதே இல்லை. பிள்ளையின் வழக்கோ, ஆலையின் வழக்கோ, அடுத்த வாய்தா என்றைக்கு என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் போய் விசாரியுங்கள்.